ஒன்பது நாள் பார்க்கவில்லை

நைனா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு நான் அரிசியை மறுபடியும் களைந்தேன். ஏற்கெனவே களைந்து ஊறப் போட்டிருந்த அரிசி. உன் அப்பா வாசலில் இருந்து பார்த்தார். மனதில் ஏதாவது ஓடினால் நான் தண்ணீரில் கை வைத்துக்கொண்டு நிற்பேன் என்பது இருபது வருஷத்தில் அவருக்குப் பழகிவிட்டது. நீ சொன்னது இதுதான்: "க்ளோரின் பம்ப் ஆறு நாளா ஓடல மா. சார் நோட்டுல பழைய நம்பரயே போடச் சொல்லிக்கீறாரு. நானும் போட்டுக்கினு கீறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். பிறகு மெஸ்ஸில் ஊற்றும் சாம்பாரைப் பற்றிப் பேசினாய். அதற்குக் கொஞ்சம் முன்னால், வேறு ஏதோ பேச்சில், அடுக்குமாடியின் கழிவுநீரை நீங்கள் சுத்தம் பண்ணி அனுப்பும் தண்ணீர் பாய்கிற புல்தரையில் தினமும் சாயங்காலம் ஒரு சின்னப் பெண் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி விளையாடுவதாகவும், நீ கட்டடத்துக்கு அடியிலிருந்து படியேறி வரும்போது உனக்குக் கையாட்டுவதாகவும் சொல்லியிருந்தாய். இரண்டையும் நீ சேர்த்துச் சொல்லவில்லை. நான்தான் சேர்த்துக்கொண்டேன்.

புல்லுக்குப் போகிற தண்ணீரை முதலில் நிறுத்து என்று அப்போதே சொன்னேன். "சரிம்மா" என்றாய். அந்தச் "சரிம்மா"வை எனக்கு உன் நாலு வயதிலிருந்து தெரியும். குளிக்கப் போ என்றாலும் அதைத்தான் சொல்வாய், சொல்லிவிட்டு இருந்த இடத்திலேயே இருப்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் எனக்குப் பேச்சு வராது. நேரில்கூட அதிகம் வராது. எழுதினால் கடைசிவரை சொல்லிவிடுவேன் என்று ஒரு நம்பிக்கை. உன் அறையில் தங்கியிருக்கும் மற்ற மூன்று பேரும் வேறு வேறு அடுக்குமாடிகளில் இதே வேலைதான் செய்கிறார்கள் என்றாய். அவர்களுக்கும் இதைக் காட்டு. இதில் எனக்கு வெட்கமான ஒரு விஷயம் இருக்கிறது. இருந்தாலும் காட்டு. உன்னைப் பெற்றபோது எனக்குப் பத்தொன்பது வயது. இன்னும் நாற்பது ஆகவில்லை. நான் செய்த தப்பைச் சொல்லிக் காட்ட இதுவே நல்ல வயது. இன்னும் பத்து வருஷம் போனால் அதை நானே வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்வேன்.

நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தபோது ஏரிக்குப் பின்னால் கசடு சுத்தம் பண்ணும் இடத்தைக் கட்டி முடித்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள எங்கள் மகளிர் குழுவில் நாலு பேரைக் கேட்டார்கள். அதுவரை நான் உன் வசந்தா அத்தையோடு நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவள். அதுவரை லாரிகள் வீட்டுக் கக்கூஸ் தொட்டிகளில் உறிஞ்சியதை எங்கே கொண்டுபோய்க் கொட்டின என்று உனக்கு நினைவிருக்கும். மழை பெய்தால் ஏரி வழிந்தோடும் அந்த ஓடையில்தான் கொட்டின. அந்த ஓடைத் தண்ணீரில்தான் நாங்கள் நாற்று நட்டோம், அதிலேயே கை கால் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அதை யாரும் கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் அதையே ஒரு வேலிக்குள் கொட்டிச் சுத்தம் பண்ணப் போகிறேன் என்றதும் குழாயடியில் ஒருத்தி, "புக்கு படிக்கிற பொம்பளைக்கு வந்த வேலயப் பாரு" என்றாள். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். உத்திரமேரூர் நூலகத்தில் சாக்கடை பற்றிய புத்தகம் இருக்கிறதா என்று நான் கேட்டபோது அங்கிருந்தவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். இரண்டு புத்தகம் கிடைத்தது. ஒன்றில் பாதி புரிந்தது, மற்றதில் படங்கள் புரிந்தன. உலகத்தில் பெரிய ஊர்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் எத்தனை காலம் திண்டாடியிருக்கின்றன என்று படித்தபோது, குழாயடிப் பேச்சு சின்னதாகப் போய்விட்டது.

நீ முதல்தடவை அங்கே வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வந்தாய். திரும்பும்போது கையில் ஒரு சிவப்புக் கல்வாழைப் பூ இருந்தது. அன்றைக்கு உனக்குச் சொன்னதை உன் நண்பர்களுக்காக மறுபடி சொல்கிறேன். லாரி வந்து கொட்டுவது முதலில் ஒரு கம்பி வலையைத் தாண்ட வேண்டும். துணி, பிளாஸ்டிக், யாரோ தொலைத்த சாவி எல்லாம் அங்கேயே நின்றுவிடும். பிறகு அது மணலும் ஜல்லியும் அடுக்கிய படுகையில் பரவும். தண்ணீர் மணல் வழியாக மெல்லக் கீழே இறங்கும், கெட்டியானது மேலே தங்கும். இறங்கின தண்ணீர் மூடிய தொட்டிகளில் அறை அறையாக ஏறி இறங்கிப் போகும். காற்றே இல்லாத அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதிலுள்ள அழுக்கைத் தின்னும். அங்கிருந்து கல்வாழையும் நாணலும் நட்ட ஜல்லிப் பாத்திக்குப் போகும். அங்கே வேர்களைச் சுற்றி வேறு உயிர்கள். கடைசியில் ஒரு குட்டைக்கு வந்து வெயிலில் கிடக்கும். அந்தத் தண்ணீரை மரங்களுக்கு விடுகிறோம். ஆலையைச் சுற்றி நிற்கிற புங்கையும் வேம்பும் அதில் வளர்ந்தவைதான். கோயில் சுவரில் இருக்கிற கல்வெட்டைப் பார்க்க எங்கெங்கிருந்தோ உத்திரமேரூருக்கு வருகிறார்கள். எங்கள் குட்டையைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லை. வந்தால் நான் நன்றாகவே சுற்றிக் காட்டுவேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கூச்சம் கிடையாது.

இனி கெட்டியானதைப் பற்றி. என் தப்பு அங்கேதான் நடந்தது. படுகையில் தங்கியது காய்ந்து, பாளம் பாளமாக வெடிக்கும். அதைச் சுரண்டி எடுத்துக் கொட்டகைக்குள் காய்ந்த இலை, காய்கறிக் கழிவோடு அடுக்கி ஆள் உயரத்துக்குக் குவிப்போம். குவியல் இரண்டு மூன்று நாளில் தானாகச் சூடேறும். ஐம்பத்தைந்து டிகிரிக்கு மேல் ஏறி அங்கேயே சில நாள் நிற்க வேண்டும். பிறகு புரட்டி, வெளியே இருந்ததை உள்ளே தள்ளி, மறுபடி சூடேற விட வேண்டும். அந்தச் சூட்டில்தான் புழு முட்டைகள் சாகும். காய்ந்தால் சாகாது, நாற்றம் போனாலும் சாகாது. சூடு இல்லையென்றால் சில முட்டைகள் வருஷக்கணக்கில்கூடக் கிடக்கும். சில புழு, முட்டையிலிருந்து வெளியே வந்ததும் காலின் தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும். இதனால்தான் எங்களுக்கு ஒரு நீளமான சூட்டுமானி கொடுத்திருந்தார்கள். ஒரு முழத்துக்கு மேல் நீளமான கம்பி, தலையில் கடிகாரம் மாதிரி ஒரு முகம். தினமும் காலையில் அதைக் குவியலின் நடுவில் செருகி, முள் நிற்கிற இடத்தை நோட்டில் எழுதுவது என் வேலை. எங்கள் நாலு பேரில் என் கையெழுத்துதான் நன்றாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள்.

நீ ஒன்பதாவது படித்த வருஷம், கார்த்திகை மழை விடாமல் பிடித்தது. நினைவிருக்கிறதா, ஒரு வாரம் பள்ளிக்கூடமே இல்லை. ஒரு காலையில் குவியலைப் புரட்டும்போது சூட்டுமானியை வெளியே எடுக்காமல் மண்வெட்டியைப் போட்டுவிட்டேன். கம்பி வளைந்து, முள் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. சொல்லியிருந்தால் திட்டு விழுந்திருக்கும், வேறு ஒன்று வந்திருக்கும், அவ்வளவுதான். வாரத்துக்கு ஒருதடவை மோட்டார் சைக்கிளில் வந்து நோட்டைப் பார்த்துவிட்டுப் போகிற மேற்பார்வையாளர் நல்ல மாதிரி. ஆனால் அந்த வேலையில் என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லியிருந்தார்கள், நைனா. வயலில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. கெட்டிக்காரி சூட்டுமானியை உடைத்துவிட்டாள் என்று ஆகக் கூடாது என்று நினைத்தேன். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று, அன்றைக்கு ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். மறுநாள் அறுபது. அதற்கு மறுநாள் ஐம்பத்தொன்பது. போன குவியல் எப்படி ஏறி இறங்கியதோ அதைப் பார்த்து அதே மாதிரி எழுதினேன். ஒன்பது நாள் எழுதினேன். அதோடு அந்தக் குவியலுக்கு எழுத வேண்டிய நாள் முடிந்தது, மழையில் அடுத்ததை நாங்கள் அடுக்கவில்லை. எழுதி முடித்தபோது நோட்டிலேயே அதுதான் அழகான பக்கமாக இருந்தது. உண்மையான எண்கள் அப்படி இருக்காது. ஒருநாள் சரியும், ஒருநாள் காரணமில்லாமல் ஏறும், ஒருநாள் கை நனைந்து மை கலைந்திருக்கும். உன்னுடைய இந்த ஆறு நாள் பக்கமும் அழகாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கோதண்டம் அண்ணனை உனக்குத் தெரியும், ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர். எங்கள் எருவை வாங்கிப் போட்டுப் பாருங்கள் என்று நான் ஒரு வருஷமாக அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் யாரும் தொடத் தயாராக இல்லை. அவர் மட்டும் காது கொடுத்துக் கேட்டார். டீக்கடையில் அவரைக் கிண்டல் பண்ணினார்கள். அவர் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கை உறிஞ்சிக் காட்டிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்களாம். இருந்தும் மார்கழியில், நவரைப் பட்ட நெல்லுக்கு உழுவதற்கு முன்னால், டிராக்டரோடு வந்து நின்றார். நடவுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது, இப்போதே போட்டு உழ வேண்டும் என்றார். அந்தக் கார்த்திகைக் குவியல்தான் தயாராக இருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். கறுப்பாக, உதிரி உதிரியாக, மழை பெய்த மண் மாதிரி வாசனை. நோட்டில் எல்லாம் சரியாக எழுதியிருந்தது. அதை எழுதியது நான்தான் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஏற்றி அனுப்பினேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். உனக்குக்கூட உத்திரமேரூரிலிருந்து முறுக்கு வாங்கி வந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் வசந்தா அத்தை வந்தாள். பித்த வெடிப்புக்கு வேப்பெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டாள். படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அவள் குதிகாலை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்; ஒரு காலத்தில் என் காலும் அப்படித்தான் இருந்தது. காய்ந்த ஏரி மாதிரி, விரல் நுனி உள்ளே போகிற அளவுக்கு வெடிப்பு, ஓரத்தில் ரத்தம். எண்ணெயைத் தடவிக்கொண்டே அவள் சாதாரணமாகச் சொன்னாள், "திங்கக்கெயம கோதண்டம் கயனில நடவு. ஆறு பேரு போறோம். அதான் இப்பவே போட்டு ஆத்திக்கினா சேத்துல எரியாது." நான் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புத்தகத்தில் படம் போட்டிருந்தது: ஒரு மனிதக் கால், அதன் அடியில் ஒரு சின்னப் புழு, ஒரு அம்புக்குறி. அந்தப் படம் எனக்கு அதுவரை ஒரு படமாகத்தான் இருந்தது.

நேராகக் கோதண்டம் அண்ணன் வயலுக்குப் போனேன். எருவை வரப்பு ஓரமாகக் கொட்டி வைத்திருந்தார். நல்ல வேளையாக இன்னும் இறைக்கவில்லை, ஒரு மூலையில் மட்டும் நாலு கூடை போட்டுப் பார்த்திருந்தார். திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஒரு பிடி அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "நாத்தமே இல்லியே மா. மண்ணு வாசனதான் வருது. இதுக்கு மேல இன்னா வோணும்?"

"சூடு ஏறிச்சா இல்லியான்னு எனக்குத் தெரியாதுண்ணா. மானி ஒடஞ்சிபோச்சு. நான் பாக்காமலே எழுதிக்கினு இருந்தேன்."

அவர் கையிலிருந்த எருவை விரலால் கிளறினார். "அதான் எழுதிட்ட இல்ல? அப்பால இன்னா? எனக்கு நீ சொல்லாம இருந்தா தெரியவா போவுது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு ஒரு வழி காட்டுகிற மாதிரிதான் சொன்னார். நடவுக்கு வருபவர்கள் வெறுங்காலோடு இறங்குவார்கள் என்றேன். எப்போதும் அப்படித்தானே இறங்குகிறார்கள் என்றார். அது உண்மைதான். நான் எருவின் பக்கத்திலேயே நின்றேன். கடைசியில் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு, "டீக்கடையில இன்னா சொல்லுவானுங்கன்னு உனக்குத் தெரியுமா? குடுத்தவளே திருப்பி வாரிக்கினு போறா, அவ்ளோ மோசமான சரக்குன்னுவானுங்க. உன்ன நம்பினேன் தங்கச்சி" என்றார். எடுத்துக்கொண்டு போ என்று கையைக் காட்டிவிட்டு நடந்தார். அந்த முதுகு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உன் அப்பாவிடம் லோடு ஆட்டோவை எடுத்து வரச் சொன்னேன். காரணம் கேட்டார், சொன்னேன். "நோட்டுல தானேம்மே எழுதின? நோட்டு இன்னா எழுந்து வந்து பேசவா போவுது?" என்றார். பேசாது என்றேன். அது பேசாது என்பதால்தான் நான் பேச வேண்டியிருக்கிறது என்று சொல்ல நினைத்தேன், அப்போது வாயில் வரவில்லை. அவர் வண்டியைக் கிளப்பினார். மூன்று நடை அடிக்க வேண்டியிருந்தது. அரை நாள் சவாரி போயிற்று, அதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கையுறையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் அள்ளிக்கொண்டிருந்தபோது வசந்தா அத்தை வந்து நின்றாள். ஊருக்குள் அதற்குள் செய்தி போயிருந்தது. என் காலைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள். "ஏம்மா, என் காலுக்காவா இத்தினி கூத்து? அது ஏற்கெனவே வெடிச்சிக்கினுதான் கீது, இனிமே இன்னா வெடிக்கப் போவுது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் அவளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தேன். அது அவளுக்குப் பெரிதாக இருந்தது. வாத்து மாதிரி நடந்து வந்து, கடைசி நடைக்கு அவளும் அள்ளினாள். நாலு கூடை போட்ட அந்த மூலையில் மேல்மண்ணைச் சுரண்டி அதையும் எடுத்தோம்.

அந்த வாரம் மேற்பார்வையாளர் வந்தபோது உடைந்த மானியையும் நோட்டையும் எடுத்து வைத்தேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, பழைய நோட்டை மாற்றிவிட்டுப் புது நோட்டில் எழுதிக்கொள்ளலாமே, இந்தப் பக்கம் எதற்கு என்றார். அவர் எனக்கு உதவி செய்யத்தான் நினைத்தார். நான் வேண்டாம் என்றேன். ஒன்பது எண்களையும் ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன், அடியில் இருப்பது படிக்க வருகிற மாதிரி. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதினேன். ஒன்பது தடவை எழுதினேன். நாலாவது தடவை எழுத்து கோணியது, ஒன்பதாவது தடவை நேராகிவிட்டது. எங்கள் குழுவில் ஒருத்தி பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. என்னால் எல்லாருக்கும் கெட்ட பெயர் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து, எரு ஏன் திரும்பி வந்துவிட்டது என்று கேட்டாய். மழையில் நனைந்துவிட்டது என்று சொன்னேன். நீ நம்பினாய். இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதக் கஷ்டமான வரி இதுதான். மேற்பார்வையாளரிடம் சொல்ல முடிந்தது, கோதண்டம் அண்ணனிடம் சொல்ல முடிந்தது, உன்னிடம் சொல்ல முடியவில்லை. அம்மா செய்கிற வேலையைப் பற்றி உன் வகுப்பில் என்னென்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். நீ சொல்லாவிட்டாலும் தெரியும். அதையும் மீறி நீ என் வேலையை நல்ல வேலை என்று நினைத்தாய். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. பத்தாவது முடித்ததும் இதே படிப்பைத்தான் படிப்பேன் என்று நீ நின்றபோது, மழையில் நனைந்த எரு எனக்கு ஞாபகம் வந்தது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் அந்த விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்க மாட்டாயோ என்னவோ.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது கதை மாதிரி ஆகிவிடும். புது மானி வந்தது. அந்தக் குவியலைப் பிரித்து, காய்ந்த இலை சேர்த்து மறுபடி அடுக்கினோம். முதல் நாள் முப்பத்தெட்டு. இரண்டாம் நாளும் முப்பத்தெட்டு. நாலாம் நாள் ஐம்பதைத் தாண்டியது. முள் அறுபத்திரண்டில் நின்ற அன்றைக்கு நான் மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன். என்னோடு பேசாதவளும் வந்து பார்த்தாள். கோதண்டம் அண்ணன் அடுத்த பட்டத்துக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வருஷம் வந்தார். என் நேர்மையைப் பார்த்து வந்தார் என்று நினைத்துவிடாதே. மாட்டுச் சாணம் கிடைக்கவில்லை, வந்தார். ஆனால் வந்தவர் எருவைத் தொடுவதற்கு முன்னால் நோட்டைக் கேட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். அடித்து எழுதின பக்கத்தில் கொஞ்சம் நின்றார். புதுக் குவியல் ஒன்றைப் பார்த்து, மானியையெல்லாம் விட்டுவிட்டு முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டார். உடனே இழுத்துக்கொண்டார். "இன்னா தங்கச்சி, உள்ள இட்லி வெச்சிக்கீறியா" என்றார். இப்போது அவர் டீக்கடையில் மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்.

இனி உன் விஷயம். உன் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து இருக்கிறது என்று சொல்வாய். இருக்கும். காற்று ஊதுகிற தொட்டியும் மணல் வடிகட்டியும் கரி வடிகட்டியும் ஒழுங்காக ஓடினால் தெளிந்துதான் வரும். எங்கள் எருவுக்கு நாற்றம் போன மாதிரி, உங்கள் தண்ணீருக்குக் கலங்கல் போயிருக்கிறது. வயிற்றைக் கெடுக்கிற கிருமி தெளிந்த தண்ணீரிலும் இருக்கும். அதற்குத்தான் கடைசியில் க்ளோரின். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நீதான் எனக்கு இதைப் போனில் பாடம் மாதிரி சொன்னாய், நான் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டேன். பம்ப் ஓடவில்லையென்றால் கை இருக்கிறது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிய விட்டு, மேலே நிற்கிற தண்ணீரை மட்டும் ஒரு கேனில் ஊற்று. அடியில் சின்னக் குழாய் வைத்து, சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழ விடு. எவ்வளவு என்பது உன் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. முகத்தில் துணி கட்டிக்கொள், கையுறை போட்டுக்கொள். அரை மணி கழித்துச் சோதனைக் குப்பியில் மருந்து விட்டு மஞ்சள் வருகிறதா பார், வந்தால் தண்ணீரில் க்ளோரின் நிற்கிறது. மஞ்சள் வருகிறவரைக்கும் புல்லுக்குப் போகிற வால்வைத் திறக்காதே. புல் இரண்டு நாள் வாடினால் செத்துப்போகாது. உங்கள் சாருக்கு வாயால் சொல்லாதே, போனில் எழுதி அனுப்பு: பம்ப் இத்தனை நாளாக ஓடவில்லை, இன்றிலிருந்து கையால் கொடுக்கிறேன், பம்பைச் சரிபண்ணித் தாருங்கள் என்று. மரியாதையாக எழுது. அவரும் யாருக்கோ பயந்துதான் அப்படிச் சொல்லியிருப்பார். மானியை உடைத்த நான் ஒரு திட்டுக்குப் பயந்த மாதிரி.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட முடியவில்லை, நிறுத்திவிட்டால் என்ன பண்ணுவது என்று நினைப்பாய். நிறுத்தலாம். நிறுத்த மாட்டார்கள் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. நிறுத்தினால் காஞ்சிபுரம் வந்து பஸ் மாறி வீட்டுக்கு வா. உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "வரட்டும், படுகை சொரண்ட ஆளு வோணும்னு நீதான் சொல்லிக்கினே இருந்தியே" என்றார். அது அவருடைய சம்மதம். உனக்குத் தெரிந்த வேலை இந்த நாட்டில் எங்கேயும் தேவைப்படுகிற வேலை. தண்ணீர் குறையக் குறைய அந்தத் தேவை கூடிக்கொண்டுதான் போகும். ஒருதடவை உபயோகித்த தண்ணீரை மறுபடி ஒரு குழந்தையின் காலடியில் விடலாம் என்று சொல்கிற தைரியம் உன் கையெழுத்தில்தான் இருக்கிறது. அந்தக் கையெழுத்தை ஒரு இடத்தில் பொய் எண்ணுக்குக் கீழே விட்டுவிட்டு வந்தால் அடுத்த இடத்துக்கு வெறுங்கையோடுதான் போக வேண்டியிருக்கும். வேலையை மட்டும் விட்டுவிட்டு வந்தால் அப்படி ஆகாது.

எனக்கு உன் காலில் விழுந்து கேட்கிற பழக்கம் இல்லை, மிரட்டுகிற பழக்கமும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இப்போதே உனக்கு அனுப்பிவிடுவேன். காலை ஷிப்டுக்கு இறங்குவதற்கு முன்னால் படித்துவிடுவாய். என் நோட்டின் அந்தப் பக்கத்தையும் படம் எடுத்துச் சேர்த்திருக்கிறேன். கோடு போட்ட ஒன்பது எண்கள், பக்கத்தில் ஒன்பது வரி, நாலாவது வரியில் எழுத்து கோணியிருக்கும். நீ இறங்கியதும் முதலில் வால்வை மூடு. பிறகு உன் நோட்டைத் திற. இதோடு எத்தனை நாளோ அத்தனை வரியையும் ஒற்றைக் கோட்டால் அடி. பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்று உனக்குத் தெரியும். எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. கூட ஒரு வார்த்தையும் வேண்டாம், "சரிம்மா"வும் வேண்டாம்.

சாயங்காலம் அந்தக் குழந்தை வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அனுப்பிவிடு.

அம்மா